ஏழு நிமிடமா, பதினான்கு நிமிடமா?

குஸ்தாவ் மாலரின் ஐந்தாம் சிம்பொனி 1904-இல் கொலோன் நகரில் அரங்கேறியது. அதன் நான்காம் பகுதியான ‘அடாஜியெட்டோ’, தந்தி வாத்தியங்களுக்கும் ஒரு ஹார்ப்புக்கும் மட்டுமே எழுதப்பட்டது. அமைந்திருப்பது எஃப் மேஜர் ஸ்கேலில். மேற்கத்தியச் செவிக்கு அது துயரத்தின் ஸ்கேல் அன்று. ஆயினும் தொடக்கத்தில் ஏ, சி ஆகிய ஸ்வரங்களே நீடிக்கின்றன. ஆதாரமான எஃப் தாமதித்தே வருகிறது. அதுவரை மைனரோ என்ற ஐயம் கேட்பவருக்கு எழலாம்.

வேகத்திற்கு மாலர் இட்ட குறிப்பு ‘மிக மெதுவாக’ என்பதே, எண்ணளவு தரவில்லை. சொல்லுக்கு உரை தேவைப்பட்டது, உரைகளோ மாறின. மாலரோடு நெருங்கிப் பழகிய வில்லெம் மெங்கல்பெர்க் 1926-இல் ஆம்ஸ்டர்டாமில் செய்த ஒலிப்பதிவு ஏறத்தாழ 7 நிமிடம். மாலரின் உதவியாளராயிருந்த புரூனோ வால்ட்டர் 1938-இல் வியன்னாவில் செய்தது 8. அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிடச் சொச்சமே கொள்ளும் என்பதைக் காரணமாகச் சொல்வதுண்டு. அது முழு விடையன்று. இது ஆல்மாவுக்கு மாலர் விடுத்த காதல் மடல் என்று மெங்கல்பெர்க் தம் பிரதியில் குறித்துவைத்தார். காதல் மடலை யாரும் இழுத்து இழுத்துப் படிப்பதில்லை!

1963-இல் லெனர்ட் பெர்ன்ஸ்டைனின் பதிவு 11 நிமிடத்தைத் தொட்டது. 1968-இல் ராபர்ட் கென்னடியின் இறுதித் திருப்பலியில் அவரே இதை நடத்தினார். 1971-இல் விஸ்கோன்ட்டியின் ‘வெனிஸில் மரணம்’ திரைப்படம் இதை உலகெங்கும் இரங்கலிசையாகவே பரப்பியது. பின்னர் பெர்லின் பில்ஹார்மோனிக்குடன் பெர்னார்ட் ஹைட்டிங்க் செய்த பதிவு ஏறத்தாழ 14 நிமிடம், மெங்கல்பெர்க்கின் பதிவைப்போல் இருமடங்கு.