காற்றின்மேல் ஓடிய தொடர்வண்டி

பிரான்சின் ஓர்லெயான் நகருக்கு வடக்கே, பாரீஸ் செல்லும் தொடர்வண்டியின் சாளரத்தோரம் அமர்ந்திருப்போர், வயல்களின் நடுவே தூண்கள்மீது நீண்டு கிடக்கும் கான்கிரீட் பாதையொன்றைக் காணலாம். எந்த ஊரையும் எட்டாத பாதை அது. 1969-இல் கட்டிமுடிக்கப்பட்டபோது அதன் நீளம் 18 கிலோமீட்டர். பின்னாளில் நெடுஞ்சாலை ஒன்றுக்காக இடையில் ஒரு துண்டை இடித்தனர். மிகுவேகத் தரைப்போக்குவரத்தின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுமுன் நாம் இப்பாதையின் வரலாற்றை அறிந்துகொள்வது நல்லது.

இதற்குக் காரணமானவர் பொறியாளர் ழான் பெர்த்தேன். சக்கரத்தையும் தண்டவாளத்தையும் நம்பியிருக்கும்வரை வேகத்திற்கு எல்லையுண்டு எனக் கருதிய அவர், அடியில் காற்றைச் செலுத்தி, அந்தக் காற்று மெத்தையின்மீது வண்டியை மிதக்கவிட்டார். பாதையின் நடுவே எழும்பிய குறுஞ்சுவர் வண்டியைத் திசை பிறழாமல் நடத்தியது. 'ஏரோத்ரேன்' எனப் பெயர்பெற்ற அவ்வண்டி, விமான எஞ்சின் உந்த, 1974 மார்ச் 5 அன்று மணிக்கு 430.4 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. அந்நாளில் ஜப்பானின் ஷின்கான்சென் 210 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

அவ்வாண்டு ஜூன் 21-இல், பாரீஸை ஒட்டிய லா தெஃபான்சையும் செர்ழி புதுநகரையும் இணைக்க ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஜூலை 17-இல் அது ரத்துசெய்யப்பட்டது! இடையில் ஒரு மாதம்கூட இல்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் பெர்த்தேன் மறைந்தார்.

இதனை அரசியல் சூழ்ச்சியாக எழுதுவோர் உளர். அவ்வாண்டில் குடியரசுத் தலைவர் மாறியது உண்மைதான். எண்ணெய் நெருக்கடியைக் காரணம் காட்டுவோரும் உளர். ஆனால் செர்ழி வண்டிக்கு மின்சாரமே திட்டமிடப்பட்டிருந்தது. போட்டியாளரான டி.ஜி.வி.யின் முதல் மாதிரியோ எண்ணெய் எரிக்கும் சுழலி எஞ்சினால் ஓடியது. பின்னரே அதனை மின்சாரத்திற்கு மாற்றினர். ஆகவே விடையை வேறிடத்தில் தேட வேண்டும் என்பது நம் கருத்து.

1981 செப்டம்பரில் பாரீஸ்–லியோன் டி.ஜி.வி. தொடங்கியபோது, புதிய பாதையின் வடபகுதி முடிந்திருக்கவே இல்லை. வண்டிகள் அத்தொலைவைப் பழைய தண்டவாளத்திலேயே கடந்து, பாரீஸின் பழைய நிலையத்திற்குள்ளேயே நுழைந்தன. எஞ்சிய பகுதி 1983-இல் சேர்ந்தது. அரைகுறைப் பாதையிலும் பயணிகள் போய்வர முடிந்தது, கட்டணமும் வந்துகொண்டிருந்தது. காற்று வண்டிக்கு இந்த வசதி கிடையாது. முழுப்பாதையும் முடியும்வரை ஒரு பயணியையும் அதனால் ஊர் சேர்க்க இயலாது.

ஜப்பானின் காந்த மிதவை வண்டி இன்று நிற்பதும் இவ்விடத்திலேதான். 1962-இல் தொடங்கிய ஆய்வு அது. 2015 ஏப்ரல் 21 அன்று 603 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. டோக்கியோவிலிருந்து நகோயா வரை 286 கிலோமீட்டரை 40 நிமிடத்தில் கடப்பது திட்டம். பெரும்பகுதி சுரங்கம். அதில் 10.7 கிலோமீட்டர் ஷிசுஓகா மாநிலத்து மலைக்கடியில் செல்கிறது. அம்மாநிலத்தில் வண்டி நிற்காது. சுரங்கத்தால் ஓயி ஆற்றின் நீர் குறையுமோ என்ற அச்சம் மட்டும் அம்மக்களுக்கு! தேயிலைத் தோட்டங்களும் ஊர்களும் அந்நீரை நம்பியிருப்பவை. மாநில ஆளுநர் பல்லாண்டுகள் அனுமதி மறுத்தார். 2027-இல் திறப்பது என்ற இலக்கு 2024-இல் கைவிடப்பட்டது.

யமனாஷியில் 42.8 கிலோமீட்டர் சோதனைப்பாதை ஆயத்தமாக உள்ளது. குலுக்கலில் தேர்வுபெற்ற பொதுமக்களை அவ்வப்போது அதில் ஏற்றுகின்றனர். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, ஏறிய இடத்திலேயே இறங்கி வீடு திரும்புகின்றனர்.