புது டயர் பழக்குதல் (மோட்டார் சைக்கிள்)

புதிதாக மாட்டிய மோட்டார் சைக்கிள் டயரை முதல் 150 கிலோமீட்டர் வரை நிதானமாக ஓட்டி, அதன் பிடிமானத்தை முழுமைக்குக் கொண்டுவருவது. வீட்டில் டயர் மாற்றுவோர் லீவர் போடுவதிலேயே கவனத்தைச் செலவிட்டுவிட்டு, சக்கரம் வண்டியில் ஏறியதும் வேலை முடிந்ததென்று நினைக்கிறார்கள். மாட்டிய விதமே ஓட்டும் விதத்தை முடிவு செய்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். டயரின் விளிம்பான பீடிங் ரிம்முக்குள் ஏறச் சோப்பு நீர் தடவுகிறோம். அந்த ஈரம் காய்வதற்குள் ஆக்சிலரேட்டரை முறுக்கினாலோ பிரேக்கை இறுக்கிப் பிடித்தாலோ டயர் ரிம்மின் மேல் நழுவக்கூடும். டியூப் உள்ள சக்கரமானால் வால்வு சாய்ந்து அடியோடு பிய்ந்துவிடலாம்.

சாலையில் புது டயர் வழுக்குவதற்கோ, டயரை வார்க்கும் அச்சில் ஒட்டாதிருக்கப் பூசும் பொருள்தானே காரணம், இப்போது பல டயர்களில் அதுவும் இல்லையே என்பார்கள். இல்லாவிட்டாலும், பளபளப்பான அச்சில் வார்த்த ரப்பரின் மேல்தோல் மழமழவென்றுதான் இருக்கும். சாலையின் சொரசொரப்பு அதைத் தேய்க்க வேண்டும். உப்புத்தாளால் தேய்த்துவிடலாமே என்றால், தோல் போகலாம், ஓட்டுபவரின் பழக்கம் போகாது: நடுவில் தட்டையாகத் தேய்ந்த டயருக்குப் பழகிய கைக்கு, உருண்டையான புது டயர் வளைவில் சட்டென்று சாய்வதாகத் தோன்றும். பெட்ரோல் ஊற்றித் துடைப்பதோ ரப்பரையே கெடுக்கும். சாய்வைச் சிறிது சிறிதாகக் கூட்டுவதே வழி. டயரின் ஓரங்கள் வண்டி சாய்ந்தால்தான் சாலையைத் தொடும். நேர்ச்சாலையில் 500 கிலோமீட்டர் போனாலும் அவை பழகாமலே இருக்கும்.