எரிந்த நிலத்தை எண்ணியவர்கள்



சில வாரங்களுக்கு முன்பு வகுப்பில் புகைமூட்டம் குறித்துப் பேசிக்கொண்டிருந்தேன். 1997ஆம் ஆண்டில் இந்தோனேசியாவில் பல இலட்சம் ஹெக்டேர் நிலம் எரிந்தது என்று கூறியதும், "ஐயா, அதை யார் எண்ணினாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. தேடிப் படித்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன்.

1997இல் நான் ஐந்தாம் படிவ மாணவன். நண்பகலிலும் சூரியன் செப்புக் காசுபோல் மங்கித் தெரிந்தது. அம்மா சன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகி வைப்பார். சரவாக்கில் நிலைமை இதனினும் கொடிது. செப்டம்பர் 19ஆம் நாள் அங்கே அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 300ஐக் கடந்தாலே பேராபத்து என்பார்கள்; கூச்சிங்கில் அது 800ஐயும் கடந்தது.

அந்தப் புகை முற்றாக விலகாத நிலையில், அக்டோபர் 20 முதல் 24 வரை, 18ஆவது ஆசியத் தொலையுணர்வு மாநாடு கோலாலம்பூரில் கூடியது. 1980இல் பாங்காக்கில் தொடங்கி ஆண்டுதோறும் ஆசிய நகரொன்றில் நடைபெற்று வரும் மாநாடு இது. பொருளைத் தொடாமல், அதிலிருந்து வரும் ஒளியையோ வெப்பத்தையோ தொலைவில் இருந்தபடியே அளந்து அறிவதே தொலையுணர்வு. விண்ணிலிருந்து மண்ணைக் காணும் கலை வல்லார் கூடிய ஊரில், மண்ணிலிருந்து விண்ணைக் காண இயலாத காலம் அது! அடுத்த மாதமே, புகைமூட்டம் பற்றிப் பல்கலைக்கழகக் கல்வியாளர்கள் பொதுவில் கருத்துரைக்கக் கூடாதென நம் அரசு தடை விதித்தது. நாட்டின் நற்பெயர் கெடும் என்பது காரணம். அறிந்தவர் வாயை அடைத்தால் புகை அடங்கிவிடுமா என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, இன்று தோன்றுகிறது.

எண்ணும் பணி சிங்கப்பூரில் நடந்தது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1992இல் நிறுவப்பட்ட தொலையுணர்வு மையம், பிரெஞ்சு நாட்டின் ஸ்பாட் செயற்கைக்கோள்கள் அனுப்பும் படங்களைத் தன் சொந்த நிலையத்திலேயே பெற்று வந்தது. ஸ்பாட் அன்று ஏறத்தாழ 830 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. அதன் ஒரு படம் 60 கிலோமீட்டர் நீள அகல நிலத்தைக் காட்டியது. சுமத்ராவையும் கலிமந்தானையும் முழு நுணுக்கப் படங்களால் நிரப்புவதென்றால் பெரும்பணி. ஆகவே லியூ சூ சின்னும் அவர்தம் குழுவினரும் வேறொரு வழியை நாடினர்.

ஒவ்வொரு படத்துக்கும் நுணுக்கம் குறைந்த ஒரு சிறு படி உண்டு. எந்தப் படம் தெளிவாக இருக்கிறது என்று புரட்டிப் பார்ப்பதற்கான மாதிரிப் படம் அது; கடையில் துணிக்கு முன் காட்டும் துண்டைப் போன்றது. அந்தச் சிறு படிகளையே அவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். மேகமும் புகையும் மறைக்காத பகுதிகளைப் பொறுக்கி ஒட்டுப்போட்டு, பெரும் நிலப்படம் ஒன்றை உருவாக்கினர். பச்சை இழந்து கருகிய வடுக்களை அதில் கண்டு பரப்பைக் கணக்கிட்டனர். 1998 ஜூலையில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கூடிய அனைத்துலகப் புவி அறிவியல், தொலையுணர்வு மாநாட்டில் அந்தக் கணக்கு வெளிவந்தது. சுமத்ராவில் ஏறத்தாழ 15 இலட்சம் ஹெக்டேர், கலிமந்தானில் ஏறத்தாழ 30 இலட்சம். இரண்டும் சேர்ந்து 45 இலட்சத்து 60 ஆயிரம். தீபகற்ப மலேசியாவின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றே மிகுதி!

இந்தோனேசிய அதிகாரிகள் அதுவரை தந்திருந்த கணக்கோ சில இலட்சம் மட்டுமே. எல்லாம் பொய் என்று தள்ளிவிட முடியாது. வனத்துறை தன் காட்டை எண்ணும். செயற்கைக்கோள் காடு, தோட்டம், புதர், வயல் என்று பிரித்துப் பாராமல் கருகியது அனைத்தையும் காட்டும். ஆயினும் இத்துணைப் பெரிய இடைவெளிக்கு அது மட்டுமே காரணமாக இருக்குமென்று நான் நம்பவில்லை.

அந்தப் படங்களுக்கும் எட்டாத ஒன்று இருந்தது. மக்காத இலைதழைகள் நீரில் ஊறி, பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த சதுப்பு மண் கலிமந்தானில் ஆள் உயரத்தையும் மீறி ஆழமாய்க் கிடக்கிறது. அதை நெல் வயலாக்க வேண்டி 1996 முதல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்வாய் வெட்டி நீரை வடித்தனர். உலர்ந்த மண் தரைக்குக் கீழேயே கனன்றது. மேலிருந்து பார்த்தால் பரப்புத் தெரியும், ஆழம் தெரியாது. ஆகவே சூசன் பேஜ் குழுவினர் நேரில் சென்று அளந்தனர். மத்தியக் கலிமந்தானில் எரிந்த சதுப்பு சராசரியாக அரை மீட்டர் தாழ்ந்திருந்தது. 1997இல் இந்தோனேசியச் சதுப்புத் தீயால் வெளியான கரி, உலகமே ஓராண்டில் சராசரியாக நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை எரித்து வெளியிட்டதில் 13 முதல் 40 விழுக்காட்டுக்குச் சமம் என்று 2002இல் அவர்கள் எழுதினர். 13க்கும் 40க்கும் இடையே எவ்வளவு தூரம் பாருங்கள்! துல்லியமாகத் தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டாத அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

சியாட்டிலில் கூடிய அதே மாநாடு 2022 ஜூலையில் கோலாலம்பூருக்கு வந்தது.

மறுநாள் அந்த மாணவிக்கு விடை சொன்னேன். பிறகு வகுப்பினர் அனைவருக்கும் கட்டத் தாளில் கருந்திட்டுகளை வரைந்து கொடுத்து எண்ணச் சொன்னேன். ஒருவர் 38 என்றார், மற்றொருவர் 44 என்றார். பாதிக் கட்டத்தை எப்படி எண்ணுவது என்று அவர்களுக்குள் எழுந்த வழக்கு மணியடித்த பிறகும் தீரவில்லை.