பாஷியா என்னும் பட்டை: உடற்கூற்றுப் பெயர்கள் சிலவற்றின் வரலாறு

தோலை நீக்கியவுடன் தசை தோன்றுவதில்லை. இடையே கொழுப்புச் செறிந்த மென்படை ஒன்றுண்டு. அதன் கீழே வெண்ணிறமும் உறுதியும் வாய்ந்த படலமொன்று தசைகளைச் சுற்றி இறுகக் கிடக்கின்றது. இறைச்சி வெட்டுவோர் சவ்வென்று கழித்தெறிவதும் இதனையே. மேனாட்டு உடற்கூற்று நூலார் இதற்கு இட்ட பெயர் பாஷியா என்பது. இலத்தீன் மொழியில் அச்சொல் கட்டுத்துணியைக் குறிக்கும். உரோமர் புண்ணைக் கட்டிய துணியும், பச்சைக் குழந்தையின் உடலைச் சுற்றிய துணியும், காலில் வரிந்த பட்டையும் பாஷியா என்றே வழங்கின.

பொருளுக்கு இடப்படும் பெயர் அப்பொருளை நோக்குங் கண்ணையும் ஒருபுறஞ் சாய்த்துவிடும். கட்டுத்துணி என்று பெயர் பெற்றது, அவிழ்த்து ஒதுக்கத்தக்கதாகவே நெடுங்காலம் எண்ணப்பட்டது. உடலை அறுத்துக் கற்போர், தசையைத் துலக்கமாகக் காண்பதற்காக முதலிற் சுரண்டி அகற்றியது இப்படலத்தையே. அந்திரேயஸ் வெசாலியஸ் 1543ஆம் ஆண்டில், தமது 28ஆம் வயதில், மனித உடலின் அமைப்பைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். அந்நூலின் புகழ்பெற்ற படங்களில், மனிதவுருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தம் தசைகளை உரித்துக் காட்டி நிற்கின்றன. உரிக்கப்பட்டவற்றுள் தசைக்குச் சிறப்பிடம் கிடைத்தது, உறைக்குக் கிடைக்கவில்லை.

அப்பெருநூலில் ஒரு குறையும் உண்டு. தசைகளுள் மிகப் பலவற்றை வெசாலியஸ் பெயராற் சுட்டாது எண்ணாலேயே சுட்டினார். காலை அசைக்குந் தசைகளுள் முதலாவது, இரண்டாவது என்றவாறு கற்க வேண்டியிருந்தது. தசைகளுக்குப் பெயர் வைக்கும் முறையை வளர்த்தவர் பாரிசில் அவருக்கு ஆசிரியராயிருந்த சில்வியஸ் ஆவர். இந்தச் சில்வியஸ் யாரெனில், பண்டைக் கிரேக்க மருத்துவராகிய கேலனின் கூற்றில் ஓரெழுத்துந் தவறாகாது என்று வாதித்து, அதனை மறுத்த தம் மாணவரைப் 'பித்தன்' என்று நூலெழுதி ஏசியவர். உண்மையைக் கண்டவர் மாணவர். அதனை நினைவில் நிறுத்தும் வழியைத் தந்தவர் அவரை ஏசிய ஆசிரியர். வரலாற்றில் இத்தகைய முரண்கள் அரியனவல்ல.

தசைக்குப் பெயர் வைக்கப் புகுந்தோர் பலவிடங்களில் அதன் தொழிலையும் நோக்கினர். தொழிலை நோக்கவே, அசைவுகளுக்கும் வரையறை வேண்டியதாயிற்று. மடக்கல், நீட்டல் என்னும் இரண்டில் மயக்கமில்லை. விலக்கல், அணைத்தல் என்பனவற்றுக்கோ, எதிலிருந்து விலக்குவது, எதனோடு அணைப்பது என்று கேட்க வேண்டும். உடலை வலம் இடமாகப் பிரிக்கும் நடுத்தளமே பொதுவான அளவை. ஆனாற் கைவிரல்களுக்கு நடுவிரலும், கால்விரல்களுக்கு இரண்டாம் விரலும் அளவையாகக் கொள்ளப்படும். இலத்தீனில் இவ்விரு அசைவுகளின் பெயர்களும் ஓரெழுத்தாலேயே வேறுபடும். ஆங்கிலத்திற் கற்பிப்போர் இன்றும் அவ்வெழுத்தைத் தனியே அழுத்தி ஒலித்தே மாணவரின் மயக்கத்தை நீக்குகின்றனர். தமிழிலோ இவை ஒலியால் முற்றும் வேறான இரு சொற்கள். இச்சிறு நலத்தை நாம் பெரிதாக எண்ணுவதில்லை.

உள்ளங்கையை மேனோக்கத் திருப்புதல் மலர்த்தல்; கீழ்நோக்கத் திருப்புதல் கவிழ்த்தல். மலர்த்தியபோது முன்கையின் இரண்டு என்புகளும் ஒன்றுக்கொன்று இணையாகக் கிடக்கும்; கவிழ்த்தபோது ஒன்று மற்றொன்றைக் குறுக்கே கடக்கும். நூல்களில் மனிதன் நிமிர்ந்து நின்று உள்ளங்கைகளை முன்காட்டியவாறு வருணிக்கப்படுவதன் பயன் இங்கே விளங்கும். யாரும் இயல்பாக அவ்வாறு நிற்பதில்லை. ஆயினும் என்புகள் பிணையாத நிலை அதுவே.

இனிப் பாஷியாவுக்கு மீள்வோம். அதற்கு மதிப்பளித்தவர் அறிஞரினும் முந்திச் சத்திரவைத்தியரே. குடலிறக்க நோயில், வயிற்றுச்சுவரின் நொய்ந்த இடத்தினூடாகக் குடல் வெளியே பிதுங்குகின்றது. அதனை அறுத்துச் சீர்செய்வோன், தன் கத்தி எந்தப் படையில் நிற்கின்றதென்று அறியாவிடிற் குடலையே வெட்டிவிடுவான். இலண்டனில் அஸ்ற்லி கூப்பர் 1804இலும், இத்தாலியில் ஸ்கார்ப்பா 1809இலும் குடலிறக்கத்தைப் பற்றி எழுதிய நூல்கள், இப்படலங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தமைக்குக் காரணம் இதுவே. சீழின் செலவும் இதனையே உணர்த்தியது. முள்ளந்தண்டிற் கசநோய் பற்றினால், அங்கே பிறக்குஞ் சீழ் தசையின் உறைக்குள்ளாகவே இறங்கிச் சென்று தொடையின் மேற்பகுதியில் வீக்கமாகத் தோன்றுவதுண்டு. நோய் முதுகில், அடையாளம் தொடையில். படலத்தின் வழியை அறியாதவன் தொடைக்கே மருந்திடுவான்.

இப்படலம் வெறும் உறையன்று என்பதற்கு நடையே சான்று. கெண்டைக்கால் தசை சுருங்கும்போது பருக்க முயல்கின்றது; இறுகிய உறை அதற்கு இடங்கொடாது. ஆகவே உள்ளிருக்கும் நாளங்கள் நசுக்கப்பட்டு, குருதி இதயத்தை நோக்கி மேலேறுகின்றது. 2007ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரில் பாஷியாவுக்கெனவே முதலாவது அனைத்துலக ஆய்வுமாநாடு கூடியது. கழித்தெறிந்ததைத் திரும்பப் பொறுக்க இத்தனை காலஞ் சென்றது.

பெயர்களோ இதற்கிடையிற் பெருகிவிட்டன. கண்டவர் பெயரால் ஒன்று, நாட்டு வழக்கால் ஒன்று என, ஏறக்குறைய 5,000 உறுப்புகளுக்கு 50,000 வரையான பெயர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வழங்கியதாகக் கணக்கிடுவர். 1895இல் பாசெல் நகரில் ஒழுங்கான இலத்தீன் பட்டியல் வகுக்கப்பட்டது; 1955இல் பாரிசில் அது திருத்தி ஏற்கப்பட்டது. அப்போதும் பாஷியா வழக்குத் தீரவில்லை. தோலின் கீழுள்ள கொழுப்புப் படையையும் ஆங்கிலேயர் பாஷியா என்பர். ஐரோப்பாக் கண்டத்தார் பலர் தசையைச் சுற்றியதை மட்டுமே அவ்வாறு அழைப்பர். ஆயினும் பாரிசுப் பட்டியலின் கொள்கைகளுள் ஒன்று நமது கருத்துக்குரியது. பெயர்கள் இலத்தீனில் அமைதல் வேண்டும். கற்பித்தற்பொருட்டு அவற்றைத் தத்தம் மொழியிற் பெயர்த்துக்கொள்ள ஒவ்வொரு நாட்டினர்க்கும் உரிமையுண்டு என்பதே அது.

இவ்வுரிமையை யாரும் வழங்கு முன்னரே எடுத்துக்கொண்டவர் ஒருவர் மானிப்பாயில் இருந்தார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர், நாவலர் பெருமான் பிறந்த அதே 1822ஆம் ஆண்டிற் பிறந்தவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறுவருடம் மானிப்பாயில் வைத்தியக் கல்வியைத் தொடக்கினார். அவருக்கு மதமாற்ற நோக்கம் இருந்தது; அதனை அவர் ஒளித்ததுமில்லை. சைவப் பெருமக்கள் அதனை எதிர்த்து நின்றது தக்கதே. எனினும் தமிழில் அவர் ஆற்றிய பணியை மறுப்பது நன்றிகோறலாகும். ஆங்கிலத்திற் கற்றவர் ஊரை விட்டு உத்தியோகம் நாடிச் செல்வதைக் கண்ட அவர், 1864இலிருந்து தமிழிலேயே கற்பித்தார். 1858இல் இலண்டனில் வெளிவந்த ஹென்றி கிறேயின் உடற்கூற்று நூல், மாணாக்கரின் துணையோடு 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரில் 1872இல் தமிழாயிற்று.

கிறேயின் நூலில் மூட்டுகளின் அசைவுகள் நால்வகையாக வரையறுக்கப்பட்டுள்ளன. தசையும் பாஷியாவும் ஒரே பகுதியில் வைத்து விரிக்கப்பட்டுள்ளன. ஆகவே மானிப்பாய் மொழிபெயர்ப்பாளர், ஐரோப்பியர் முந்நூறாண்டாக வகுத்த பெயர்களுக்கெல்லாம் ஒருங்கே ஈடுதேட வேண்டியவராயினர். அவர்கள் நடந்த வழிகளை நூற்பெயர்களே காட்டும். 'இரண வைத்தியம்' நாட்டு வைத்தியர் அறிந்த வழக்கு. 'சுகரணம்' வடமொழியிலிருந்து ஆக்கியது. 'கெமிஸ்தம்' ஆங்கில ஒலியையே தமிழாக்கியது. இவற்றுட் சில இன்று செவிக்கு இடர்ப்படலாம். வழக்கிழந்த சொல் இடர்ப்படுவது சொல்லின் குற்றமன்று, வழங்காதவர் குற்றம் என்பதே என் கருத்து.

கிறீன் 1873இல் தாயகந் திரும்பினார். அவர் தொடக்கிய தமிழ்வழி வைத்தியக் கல்வி அதன்பின் நெடிது நிலைக்கவில்லை. 1978இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் தோன்றியபோது போதனைமொழி ஆங்கிலமாயிற்று. ஆங்கிலத்திற் கற்று வெளியேறும் வைத்தியர், முறிந்து பொருந்திய கையைச் சோதிக்கும்போது மட்டும், நோயாளியை நோக்கி, 'கையை மலர்த்துங்கள், இனிக் கவிழ்த்துங்கள்' என்கின்றார்.