மலையே திருமேனி

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றனுள் தலமே மூர்த்தியாய் விளங்குஞ் சிறப்புடையது திருவண்ணாமலை. அயனும் மாலும் அடிமுடி தேடியறியாத அழற்பிழம்பே அவ்விருவர் வேண்டுகோட்கிரங்கி மலையாய்க் குளிர்ந்தது என்பது புராண வரலாறு. அண்ணுதல், கிட்டுதல், அண்ணா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஆகவே, கிட்டுதற்கரிய மலை என்பது அப்பெயரின் பொருளாம்.

மலையே இலிங்கமாயின், அடிவாரத்தே ஆலயம் வேண்டுவது என்னை? அதற்கு விடை ஆலய வரலாற்றிலேயே உளது. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பதிகம் பாடியதும், மணிவாசகர் திருவெம்பாவை அருளியதும் இத்தலத்திலேயாம். அடிவாரக் கோயிலிற் சோழர் காலந்தொட்டுக் கல்வெட்டுக்கள் உள. கிருஷ்ணதேவராயர் 1516ஆம் ஆண்டளவில் ஆயிரக்கால் மண்டபம் முதலியன எடுத்தார். அவர் தொடங்கிய பதினொரு நிலைக் கீழைக் கோபுரத்தைத் தஞ்சைச் செவ்வப்ப நாயக்கர் முடித்தார். அதன் உயரம் 217 அடி. இத்துணை அரசர் திருப்பணியும் அடிவாரத்தே நின்றன, கொடுமுடியிற் கோயிலெடுத்தாரிலர். கார்த்திகைத் தீபமொன்றே ஆண்டுதோறும் ஆங்கு ஏற்றப்படும்.

இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது ஜப்பான் நாட்டில் நாரா மாநிலத்து மிவா மலையடியிலுள்ள ஓமிவா என்னும் ஷிண்டோ வழிபாட்டிடம். 712இல் எழுந்த கொஜிகியும் 720இல் எழுந்த நிஹோன் ஷோகியும் அம்மலைத் தெய்வத்தைப் பேசுகின்றன. ஆங்குக் கருவறையில்லை, 1664இற் புதுக்கிய தொழுகைமண்டபமும், அதன் பின்னே மூன்று வளைவுடைய வாயிலுமே உள. அவ்வாயிலினூடே மலையையே தொழுவர். நெடுங்காலம் அம்மலைமேல் அடிவைத்தல் விலக்கப்பட்டிருந்தது. இன்றும் பதிவு செய்து, விதிகட்குட்பட்டே ஏறல் வேண்டும்.

ஒற்றுமை இவ்வளவே, கொள்கை வேறு. சைவ சித்தாந்தத்திற் கல்லும் மண்ணும் மாயாகாரியமாகிய சடம். அவை பதியாதல் இல்லை. எனினும், ஏனையிடங்களிற் பாலில் நெய்போல் மறைந்து நிற்கும் இறைவன், திருவேடத்தும் ஆலயத்தும் தயிரில் நெய்போல் விளங்கி நிற்பன் என்பது சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தாற் பெறப்படும். அண்ணாமலை அங்ஙனம் விளங்கி நிற்கும் திருமேனியாதலின், அதனை மலையெனக் கருதாது அரனெனக் கருதித் தொழுதலே முறை.

இம்முறை இக்காலத்து ஆராயப்படவேண்டுவதாயிற்று. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாட் பெருமழையில் மலைச்சரிவு இடிந்து வீழ, எழுவர் உயிர்நீத்தனர். அதனால் அம்மாதம் 13ஆம் நாள் தீபத்தன்று அடியார் மலையேறுதல் தடுக்கப்பட்டது. வழிபாட்டுரிமை பறிபோயிற்றென வருந்தினாருமுளர்.

அவ்வருத்தம் அன்பின்பாற் பட்டதேனும் மரபொடு பொருந்துவதன்று. காரைக்காலம்மையார் கயிலையைக் காலான் மிதித்தற்கஞ்சித் தலையால் நடந்தார். அம்மையார் அங்ஙனம் நடந்த திருவாலங்காட்டை மிதித்தற்குத் திருஞானசம்பந்தரும் அஞ்சினார். அண்ணாமலையிலோ, தீபநாட்கள் கழிந்தபின் மலைமேல் அடிபட்ட குற்றந் தீரப் பிராயச்சித்த பூசை நிகழ்கின்றது. ஏறுதலே வழிபாடாயின், அதற்குக் கழுவாய் எற்றுக்கு?

குகைநமசிவாயர் முதலாயினார் மலைமேல் வாழ்ந்தனரேயெனின், அவர் தவத்தின்பொருட்டு வாழ்ந்தார். பருவதராச குலத்தார் நெய்யுந் திரியுங் கொண்டு ஏறுதல் தொண்டின்பொருட்டாம். காட்சி விரும்பி ஏறுதலை அவற்றோடு ஒப்பவைத்தல் கூடாது.

யாவர்க்கும் உரிய வழிபாடு வலம்வருதல். ஏறத்தாழ 14 கிலோமீட்டர் வழியில் எண்டிசை இலிங்கங்களைத் தொழுது சுற்றி வருதற்குக் குலமும் பொருளும் தடையல்ல. தீபத்தின் பின்னும், தைத் திருவூடலிலும் அண்ணாமலையார் தாமே மலையை வலம்வருகின்றார். அவரே வலம்வரும் மலையை அடியார் மிதிக்க விரும்புதல் தகுமோ? அடியார் நிற்குமிடம் அடிவாரமே. அதனை இழந்தாரல்லர் ஒருவரும்.

திருச்சிற்றம்பலம்.