அடியெடுத்துக் கொடுத்தல்: தமிழ்ப் புலவர் வரலாறுகளில் எழுத்துத் தடை

ஆய்வுச் சுருக்கம்

பாடத் தொடங்க இயலாது நின்ற புலவனுக்கு இறைவன் முதற்சொல்லை எடுத்துக் கொடுத்தான் என்னும் செய்தி தமிழ்ப் புலவர் வரலாறுகளில் மீண்டும் மீண்டும் வருகிறது. அதனை அருட்செயல் என்று போற்றுவதோ கட்டுக்கதை என்று ஒதுக்குவதோ ஆய்வுக்குப் பயன்படாது. எழுத்துத் தடை எங்கே தோன்றுகிறது, எவ்வாறு நீங்குகிறது என்பது குறித்துத் தமிழ்ப் புலமை மரபு கொண்டிருந்த எண்ணம் இக்கதைகளில் பதிவாகியுள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: எழுத்துத் தடை, அடியெடுத்துக் கொடுத்தல், அவையடக்கம், அரங்கேற்றம், திகடசக்கரம்

முன்னுரை

எழுத வேண்டும் என்னும் விருப்பமும் எழுதுவதற்கான பொருளும் இருந்தும் எழுத இயலாத நிலைக்கு ஆங்கிலத்தில் தனிப்பெயர் அமைந்தது 1947ஆம் ஆண்டில்தான். வியன்னாவிலிருந்து நியூயார்க்கிற்குக் குடிபெயர்ந்த உளப்பகுப்பாய்வாளர் எட்மண்ட் பெர்க்லர் அப்பெயரை வழங்கினார். அந்நிலை அதற்கு முன்னரும் இருந்தது. கோல்ரிட்ஜ் தம் குறிப்பேடுகளில் அதனை நொந்து எழுதியுள்ளார். ஆயினும் அதனை ஒரு நோயாக வகுத்து, அதன் வேரை எழுத்தாளனின் குழந்தைப் பருவ மனத்தில் தேடியவர் பெர்க்லரே. அன்று தொட்டு எழுத்துத் தடை தனியொருவனின் உள்ளத்துக் குறைபாடாகவே பெரிதும் பேசப்பட்டு வருகிறது. ஆய்வேட்டின் முதல் இயலைத் தொடங்க இயலாது தவிக்கும் ஆய்வாளர் தம்மையே குற்றவாளியாக்கிக் கொள்வதற்கும் இப்பார்வைக்கும் தொடர்புண்டு.

தமிழ்ப் புலவர் வரலாறுகள் இதனை வேறு கோணத்தில் காண்கின்றன. அவை பெரும்பாலும் புலவர்களின் காலத்திற்குப் பிற்பட்டவை. ஆதலால் அவற்றைக் கொண்டு புலவர்தம் வாழ்க்கையை வரையறுத்தல் பொருந்தாது. ஆனால் அவற்றைச் சொன்னவர்களும் கேட்டவர்களும் நூல் பிறக்கும் முறையை எவ்வாறு கருதினர் என்பதற்கு அவற்றினும் சிறந்த சான்று அரிது.

சினத்தில் பிறந்த முதற்சொல்

அடியெடுத்துக் கொடுக்கும் கதைகளுள் நுட்பம் மிக்கது சுந்தரருடையது. பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணம் அதனை விரிவாகச் சொல்கிறது. புத்தூரில் நடக்கவிருந்த திருமணத்தை முதிய அந்தணர் ஒருவர் வந்து தடுக்கிறார். மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்று ஆளோலை காட்டுகிறார். சினந்த சுந்தரர் அவரைப் பித்தன் என்று ஏசுகிறார். ஓலையையும் பறித்துக் கிழிக்கிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. மூல ஓலை காட்டப்பெற்றுச் சுந்தரர் தோற்கிறார். முதியவர் திருவருட்டுறைக் கோயிலுள் புகுந்து மறைந்த பின்னரே வந்தவர் யாரெனப் புலனாகிறது.

பாடுக என்று இறைவன் பணிக்கும்போதுதான் தடை தோன்றுகிறது. ஏதும் அறியாத தாம் எதனை அறிந்து, எவ்வாறு பாடுவது என்று சுந்தரர் மயங்குகிறார். இறைவன் புதிய சொல் எதனையும் அருளவில்லை. முன்னர்ப் பித்தன் என்று அழைத்தாய்; அப்பெயர் கொண்டே பாடு என்கிறான். சுந்தரரின் முதற்பதிகமும் அச்சொல்லாலேயே தொடங்குகிறது.

இங்குக் கொடுக்கப்பெற்ற சொல் சுந்தரருடையதே என்பது கருதத்தக்கது. வழக்காடும் வேகத்தில், பாடல் என்ற நினைவே இன்றி வாயில் வந்த வசைச்சொல் அது. பாடுவதற்குத் தகுதியான சொல்லைத் தேடியபோது நா எழவில்லை. தகுதியற்றதென்று தள்ளிய சொல்லையே எடுத்துக்கொண்டதும் பாடல் பெருகியது. சேக்கிழார் இதனைத் தடைநீக்க முறையாகச் சொல்லவில்லை. ஆண்டான் அடிமைத் திறத்தின் விளக்கமாகவே சொல்கிறார். எனினும், உயர்ந்த சொல்லுக்காகக் காத்திருத்தலே தடையாகிறது என்னும் அறிவு அக்கதையின் கட்டமைப்பிலேயே உள்ளது.

பாத்திரத்திலிருந்து ஆசிரியருக்கு

சுந்தரருக்கு நிகழ்ந்ததாகச் சேக்கிழார் பாடியது பின்னர்ச் சேக்கிழாருக்கே நிகழ்ந்ததாயிற்று. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கொள்ளப்பெறும் திருத்தொண்டர் புராண வரலாறு, சேக்கிழார் தில்லைக்குச் சென்று, தொண்டர் பெருமையைப் பாட முதற்சொல் தருமாறு கூத்தப்பெருமானை வேண்டினார் என்றும், ‘உலகெலாம்’ என அசரீரி எழுந்தது என்றும் கூறுகிறது. சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்தவர். வரலாறு பாடிய உமாபதியார் 14ஆம் நூற்றாண்டினர். இடையில் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழிந்துள்ளன.

எனினும் கதை முழுவதும் பிற்காலப் புனைவு என்று தள்ளவும் இயலாது. பெரியபுராணப் பாயிரத்திலேயே, விண்ணினின்று எழுந்த மெய்ம்மொழியின் துணையால் இந்நூலைச் சொல்வதாகச் சேக்கிழார் குறிப்பிடுகிறார். அம்மொழி இன்னதென்று அவர் விளக்கவில்லை. அவர் குறிப்பாய் விட்டதைப் பின்வந்த வரலாறு காட்சியாக விரித்துள்ளது.

அப்பாயிரத்தில் அவர் மற்றொன்றையும் சொல்கிறார்: பெருங்கடலைப் பருகிவிட விழைந்த நாயைப் போன்றவன் தான் என்கிறார். கம்பரும் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்குத் தம்மை ஒப்பிடுகிறார். அவையடக்கத்தைப் பணிவின் சடங்காக மட்டுமே பலர் கற்பிக்கின்றனர். ஆனால் இவ்விருவரும் தகுதியின்மையைச் சொன்ன அதே மூச்சில், ஆசை தூண்டுவதால் சொல்லப் புகுந்தேன் என்றும் சொல்கின்றனர். அச்சம் மறைக்கப்படவில்லை, நூலின் வாயிலில் அதற்கென்றே ஓர் உறுப்பு ஒதுக்கப்பட்டு, அங்கே அது சொல்லித் தீர்க்கப்படுகிறது. அதன்பின் நூல் அச்சமின்றி நடக்கிறது. ஆய்வேட்டு முன்னுரையில் ஆய்வு எல்லையை எழுதும் வழக்கத்தில் இதன் சாயலைக் காணலாம். அங்கே ஆசைக்கு இடமில்லை என்பது வேறு.

வரலாறு தரும் உலகியல் செய்திகளும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. மன்னன் பொருள் கொடுத்து அனுப்புகிறான். எழுதுவதற்கு ஆயிரங்கால் மண்டபம் கிடைக்கிறது. முடிந்த நூல் சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி அடுத்த சித்திரைத் திருவாதிரை வரை ஓராண்டு அவையில் விரித்துரைக்கப்படுகிறது. முதற்சொல் விண்ணிலிருந்து வந்தது. ஏனையவற்றை மண்ணில் உள்ளோரே கொடுத்தனர்.

முழுப்பாடலும் முதற்சொல்லும்

இறைவன் முதற்சொல்லை மட்டும் கொடுக்காமல் முழுப்பாடலையே கொடுத்த கதையும் உண்டு. திருவிளையாடற் புராணத்தில் வரும் தருமியின் கதை அது. பாண்டியன் ஐயத்தைத் தீர்த்துப் பொற்கிழி பெறத் தருமிக்கு இறைவனே பாடல் இயற்றித் தருகிறான். அப்பாடல் குறுந்தொகையில் இறையனார் பெயரால் இரண்டாவதாக அமைந்துள்ளது. அவையில் நக்கீரர் குற்றம் கூறியபோது தருமியால் விடை சொல்ல இயலவில்லை. தான் எழுதாததற்கு எவ்வாறு பொறுப்பேற்பது? இறைவனே நேரில் வந்து வாதாட வேண்டியதாயிற்று.

இவ்விரு வகைக் கதைகளையும் அருகருகே வைத்து நோக்கினால் மரபின் தீர்ப்புத் தெளிவாகும். முதற்சொல் பெற்ற சுந்தரரும் சேக்கிழாரும் புலவராயினர். முழுப்பாடல் பெற்ற தருமி புலவனாகவில்லை. தடைப்பட்டவனுக்கு எவ்வளவு கொடுப்பது உதவி, எவ்வளவு கொடுப்பது கேடு என்னும் வினா நெறியாளர்களுக்குப் புதியதன்று.

திகடசக்கரம்

கச்சியப்ப சிவாசாரியாரின் காலம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. அவர் கந்தபுராணம் இயற்றியது பற்றிய செவிவழி வரலாறோ காஞ்சிக் குமரக்கோட்டத்தோடு பிரிக்க இயலாதபடி பிணைந்துள்ளது. முருகன் ‘திகடசக்கரம்’ என முதல் எடுத்துக் கொடுத்தான். கச்சியப்பர் நாள்தோறும் நூறு பாடல் எழுதி இரவில் கருவறையில் வைப்பார். காலையில் அவை திருத்தப்பெற்றிருக்கும் என்பது அவ்வரலாறு. நூலில் 10,345 பாடல்கள் உள்ளன என்பர். நாளொன்றுக்கு நூறு என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 104 நாள்களில் நூல் முடிந்திருக்க வேண்டும். கதை அவ்வளவு துல்லியத்தைக் கோரவில்லை. கோருவது மற்றொன்று: எழுதும் வேலையும் திருத்தும் வேலையும் வேறுவேறு பொழுதுக்கு உரியன. பகலில் எழுதுபவன் ஒருவன். இரவில் திருத்துபவன் மற்றொருவன். எழுதும் கையே உடனுக்குடன் அடிக்கவும் செய்தால் ஏடு நகராது என்பதை எழுதிப் பார்த்தவர் அறிவர்.

அரங்கேற்றத்தின் முதல் நாளே தடை வந்தது. திகழ் + தசக்கரம் என்பது திகடசக்கரம் எனப் புணர்வதற்குத் தொல்காப்பியத்தில் விதி இல்லை என்று அவையில் ஒருவர் எழுந்தார். முதற்சொல்லே வழுவானால் நூல் எவ்வாறு நிற்கும்? முருகன் கொடுத்த சொல் என்னும் விடையை அவை ஏற்கவில்லை. கச்சியப்பர் கலங்கினார். மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் கொணர்ந்து, அதன் சந்திப்படலத்தில் இப்புணர்ச்சிக்கு விதி இருப்பதைக் காட்டினார். வந்தவன் முருகனே என்பர். வீரசோழியம் 11ஆம் நூற்றாண்டில் பௌத்தராகிய புத்தமித்திரர் செய்த இலக்கணம். சைவப் புராணத்தின் முதற்சொல்லைப் பௌத்த இலக்கணம் காத்தது என்பதைக் கதை சொன்னவர்கள் மறைக்க முற்படவில்லை.

நக்கீரர் கதையிலும் இக்கதையிலும் இறைவன் வாக்கே குற்றம் சாட்டப்படுகிறது. குற்றம் காண இயலாத சொல்லை எழுதிவிட்டுத்தான் அவைக்கு வருவேன் என்று ஒருவன் இருந்தால் அவன் ஒருபோதும் வரமாட்டான் என்பதை மரபு உணர்ந்திருந்தது.

இதனோடு ஒப்பிடத்தக்கது அமெரிக்கக் கல்வியாளர் மைக் ரோஸ் 1980இல் வெளியிட்ட ஆய்வு. பல்கலைக்கழக மாணவர் பதின்மரை நேர்கண்ட அவர், எழுத இயலாதவர்களுக்கும் எழுதுபவர்களுக்கும் இடையிலான வேறுபாடு திறமையில் இல்லை என்று கண்டார். தடைப்பட்டவர்கள் விதிகளை மாற்ற இயலாதவையாகக் கொண்டிருந்தனர். எழுதியவர்கள் அவ்விதிகள் பொருந்தாவிடின் வேறு விதியை நாடினர். தொல்காப்பியத்தில் இல்லாதது வீரசோழியத்தில் இருக்கக்கூடும் என்பதும் அதுவே. பெர்க்லரைவிட ரோஸ் இம்மரபுக்கு நெருங்கியவர்.

கெடுவும் பொய்யும்

கம்பர் பற்றிய கதையின் தொடக்கத்தில் அருள் இல்லை. காலம் தாழ்த்தலே உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் வீராசாமி செட்டியாரின் விநோதரச மஞ்சரி முதலியவற்றின் வழியே பரவிய கதை இது. சோழன் ஒட்டக்கூத்தரையும் கம்பரையும் இராமகாதை பாடப் பணிக்கிறான். கூத்தர் முறையாக எழுதி வருகிறார். கம்பர் தொடங்கவே இல்லை. மன்னன் வினவியபோது, சேதுவில் அணை கட்டும் பகுதி வரை முடித்துவிட்டதாகக் கம்பர் பொய் சொல்லி, ஒரு பாடலை அங்கேயே பாடுகிறார். அதில் வரும் ‘துமி’ என்னும் சொல்லுக்கு வழக்கு உண்டா என்று கூத்தர் தடுக்க, மோர் கடையும் இடைச்சி ஒருத்தியின் வாயில் அச்சொல் வழங்குவது தெருவில் மெய்ப்பிக்கப்படுகிறது. சொன்ன பொய்யை மெய்யாக்கக் கம்பர் எழுதித் தீர வேண்டியதாயிற்று. கடைசியில் தம் நூலைக் கிழித்தவர் ஒழுங்காக எழுதிய கூத்தரே என்பது கதையின் கொடுமை. வரலாற்று மதிப்பு மிகக் குறைந்த இக்கதை, நூல் தொடக்கத்திலிருந்தே எழுதப்பட வேண்டியதில்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறது.

இக்கதைகள் அனைத்தும் வென்றவர்களின் கதைகள் என்பதை மறத்தலாகாது. மண்டபமும் மன்னனும் அவையும் வாய்க்காமல் முதற்சொல்லோடு நின்றவர்களுக்கு வரலாறு எழுதப்படவில்லை.

ஏடும் இதழும்

19ஆம் நூற்றாண்டில் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) ஊரார் வேண்டத் தலபுராணங்கள் பல இயற்றினார். அவர் வாயாற் சொல்ல, அருகிருந்த மாணவர் ஏட்டில் எழுதுவர். அவ்வாறு எழுதியவருள் ஒருவர் உ. வே. சாமிநாதையர். வேண்டியோர் யார், கேட்கப்போவோர் யார், எழுதுவோர் யார் என்பன முன்னரே அமைந்திருந்த அச்சூழலில் புலவர் வெற்றேட்டின் முன் தனித்திருக்கவில்லை.

அச்சும் உரைநடையும் அந்த அவையைக் கலைத்தன. எனினும் அதன் இடத்தில் வேறொன்று வந்தது. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றை 1940இல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது எண்பத்தைந்தை நெருங்கியிருந்தது. ஏடு தேடிய பயணங்கள், ஆசிரியரிடம் பயின்ற நாள்கள் எனப் பொருள் கடல்போல் கிடந்தது. வார இதழ் அதனை ஒரு வாரத்திற்கு ஓர் இயல் என அளந்து கேட்டது. 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது, ‘என் சரித்திரம்’ அவருடைய வாழ்வின் 19ஆம் நூற்றாண்டுப் பகுதியையே கடக்காமல் நின்றிருந்தது. 1950இல் அது அவ்வாறே நூலாக வெளிவந்தது.