சாரதியின் மனத்தெளிவை அளப்பது எவ்வாறு?

மதுபோதையில் வாகனம் செலுத்துவோருக்கு எதிராகச் சட்டம் கடுமையாகப் பிரயோகிக்கப்பட வேண்டும் என்பதில் இருவேறு கருத்துகளுக்கு இடமில்லை. வீதியில் செல்லும் அப்பாவிகளின் உயிர்களைப் பணயம் வைக்கும் ஒருவர் அனுதாபத்துக்குரியவராக இருக்க முடியாது. ஆனால், ஒருவர் போதையில்தான் இருந்தார் என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பது என்ற கேள்விக்கு விடை அவ்வளவு இலகுவானதல்ல. குருதியிலுள்ள மதுசாரத்தைக் கருவியால் அளந்துவிடலாம். மனத்தின் தெளிவோ, சாரதியின் பேச்சையும் நடையையும் கொண்டு இன்னொரு மனிதரால் ஊகிக்கப்படுவதாகும்.

அமெரிக்கப் பொலிஸார் இதற்கென வீதியோரத்தில் மூன்று சோதனைகளை நடத்துகின்றனர். அசையும் பொருளொன்றைப் பின்தொடரும் போது கண்மணி துடிக்கின்றதா என்று பார்ப்பது முதலாவது. நேர்கோட்டில் ஒன்பது அடிகள் நடந்து திரும்பி வரச் செய்வது இரண்டாவது. ஒரு காலை உயர்த்தியவாறு 30 விநாடிகள் எண்ணச் செய்வது மூன்றாவது. கட்டளையை நினைவில் வைத்துக்கொண்டே உடலையும் கட்டுப்படுத்த முடிகின்றதா என்பதே பிந்திய இரண்டினதும் நோக்கமாகும்.

இவற்றுக்கு அப்பால், கேள்வி கேட்டு மனத்தைச் சோதிக்கும் முயற்சி ஒன்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1986 ஆம் ஆண்டு பென்சில்வேனியா மாநிலத்தில் கைது செய்யப்பட்ட சாரதி ஒருவரிடம் பெயர், முகவரி, வயது போன்ற விபரங்களைக் கேட்ட பொலிஸ் அதிகாரி, 'உமது ஆறாவது பிறந்த தினம் எந்தத் திகதியில் வந்தது என்று தெரியுமா?' என்றும் வினவினார். தெரியாது என்றார் சாரதி. மௌனமாக இருக்கும் உரிமை அவருக்கு அதுவரை எடுத்துக் கூறப்பட்டிருக்கவில்லை. இவை யாவும் வீடியோவில் பதிவாகி, வழக்கில் அவருக்கு எதிரான சான்றாக முன்வைக்கப்பட்டன.

1990 ஆம் ஆண்டு இவ்வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் வில்லியம் பிரெனன் முக்கியமான வேறுபாடொன்றைச் சுட்டிக்காட்டினார். நாக்குளறுவது உடலின் நிலையைக் காட்டுவது. அதைச் சான்றாகக் கொள்ளலாம். ஆனால், பிறந்த தினம் பற்றிய பதிலின் உள்ளடக்கத்திலிருந்து மனம் குழம்பியிருந்தது என்று முடிவு செய்வது, சந்தேகநபரின் வாயாலேயே அவருக்கு எதிரான சாட்சியத்தைப் பெறுவதாகும். எனவே, உரிமையை அறிவிக்காது பெறப்பட்ட அந்தப் பதில் சான்றாக ஏற்கப்படலாகாது என்று கூறப்பட்டது.

மருத்துவம் சொல்வதும் கவனத்திற்குரியது. நீரிழிவு நோயாளரின் குருதியில் சீனியின் அளவு குறையும் போது தடுமாற்றம், குழப்பம், பேச்சுக்குளறல் ஆகியன தோன்றும். விபத்தில் தலையில் அடிபட்டவரும் பக்கவாதத்தின் ஆரம்பத்திலிருப்பவரும் போதையிலிருப்பவர் போன்றே காணப்படலாம். மதுவை வாழ்நாளில் தொட்டிராத ஒருவரைக் குடிகாரராகக் கருதித் தடுத்து வைத்தால், இழக்கப்படுவது அவரது மானம் மாத்திரமல்ல, உயிராகவும் இருக்கலாம்.

மறுபுறத்தில், 'நான் தெளிவாகவே பேசினேன், தடுமாறாது நடந்தேன்' என்ற எதிர்வாதத்துக்கும் பெரிதாகப் பெறுமதியில்லை. குடிப்பழக்கம் முதிர்ந்தவர்கள் வெளிப்பார்வைக்குத் தெளிவாகவே தோன்றுவர். நடை தளருமுன்னரே கவனமும் நிதானமும் தளர்ந்துவிடுகின்றன. இதனாலேயே பல நாடுகள் குருதியிலுள்ள மதுசாரத்தின் அளவையே குற்றமாக வரையறுத்துள்ளன. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அது 100 மில்லிலீற்றர் குருதிக்கு 80 மில்லிகிராம். யூட்டா மாநிலம் 2018 ஆம் ஆண்டின் இறுதியில் 50 ஆகக் குறைத்தது. இந்த அளவைத் தாண்டியவருக்கு மனத்தெளிவு ஒரு கேடயமாகாது.

இலங்கையிலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் விதிக்கப்பட்டுள்ள எல்லை இதே 80 மில்லிகிராம்தான். சுவாசப் பரிசோதனைக்கும் அரச மருத்துவ அதிகாரியின் பரிசோதனைக்கும் இங்கும் இடமுண்டு. ஆனால், எமது மக்களுக்கு இதில் மேலதிகமான அக்கறையொன்று உள்ளது. மனத்தெளிவு பேச்சின் மூலம் மதிப்பிடப்படும் போது, எந்த மொழியில் கேட்கப்பட்டது என்பதும் விடையைத் தீர்மானிக்கின்றது. நள்ளிரவில் வீதித்தடையில், தனக்குச் சரிவரப் புரியாத சிங்களத்தில் கேட்கப்படும் கேள்விக்கு ஒரு தமிழரோ முஸ்லிமோ தடுமாறுவது மொழியினாலும் அச்சத்தினாலும் நேரக்கூடியது. அதைப் போதையின் அடையாளமாகக் குறித்துக்கொள்வது நீதியாகாது.

தமிழும் அரசகரும மொழியாகும் என்று 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் கூறுகின்றது. அந்த வாசகம் வீதியோரத்திலும் உயிர்பெற வேண்டும். சாரதிக்கு விளங்கும் மொழியில் கேள்வி, நோய் பற்றிய விசாரிப்பு, தாமதமற்ற மருத்துவப் பரிசோதனை ஆகிய மூன்றும் உறுதிப்படுத்தப்படுமாயின், குற்றவாளி தப்பிச் செல்லவும் முடியாது. நிரபராதி தண்டிக்கப்படவும் மாட்டார். சம்பந்தப்பட்டவர்கள் இதனைக் கவனத்திற்கொள்ள வேண்டுமென வலியுறுத்த விரும்புகின்றோம்.